தருமபுரியில் ஆக்சிஜன் மெஷின் வாடகை: ஐந்துக்கு நான்கு

மாமனாருக்காக தருமபுரி டவுனில் ஒரு கடையில் ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை, அதாவது அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை கொடுக்கும் மெஷினை, வாடகைக்கு எடுத்தோம். மழைக்காலம், மார்கழிப் பனி எல்லாம் முடியும்வரை வைத்திருந்து, பொங்கல் கழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மெஷினுக்கு மூன்று மார்க், அதைக் கொண்டு வந்து மாட்டிய தம்பிக்கு ஐந்து, ராத்திரியில் அந்தக் கடை போன் எடுக்கும் லட்சணத்துக்கு இரண்டு. சராசரி போட்டால் மூன்று சொச்சம்தான் வரும். இருந்தும் நான்கு போடுகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் எழுதப் போகிறேன். சின்னக் கடை, அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட மனசில்லை. பெயர் தெரிந்ததும் போனைப் போட்டுவிட்டு மீதியைப் படிக்காமல் போய்விடுவீர்கள் என்பது இன்னொரு காரணம். கடை எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

மாமாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் கொப்பரைக்குக் கீழே கரும்புச் சக்கையைத் தள்ளியே ஆயுளில் பாதி போனது. அந்தப் புகை போதாதென்று பீடி வேறு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., என்று சில வருடங்களாகவே மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் சளி முற்றி, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாங்கள் இருப்பது காரிமங்கலம் பக்கம் கிராமம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஆகவே பார்த்துக்கொள்வது நான்தான்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர், தினம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல், விரலில் மாட்டிப் பார்க்கும் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை, இரண்டு வகை இன்ஹேலர், மாத்திரை. எல்லாம் ஆங்கிலத்தில். சொல்லிக் கொடுத்த நேரம், ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பும் நேரம்கூட இருக்காது. "மெஷின் ஒண்ணு வாங்கிடுங்க" என்றார் ஒருவர், குக்கர் வாங்கச் சொல்வதுபோல. விசாரித்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் விலை.

வாங்காமல் வாடகைக்கு எடுத்ததற்குக் காரணம் நெஞ்சு டாக்டர். அவசரமாக ஓடிக்கொண்டிருந்தவரை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். இப்படித் திடீரென்று மோசமாகிப் படுத்தவர்களுக்கு வீட்டுக்குப் போகும்போது ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் நுரையீரல் தேறிவிட்டால் பலருக்கு மெஷினே தேவைப்படாது, அப்போது ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அவர் நின்று சொன்ன அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு நாற்பதாயிரத்தை மிச்சம் பிடித்தது. உங்கள் டாக்டர் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: "இது நிரந்தரமா, கொஞ்ச நாளைக்கா, எப்போ திரும்பப் பார்ப்பீங்க?"

சரி, கடைக்கு வருகிறேன். மாத வாடகை 4,500 ரூபாய், அட்வான்ஸ் 10,000, வண்டிச் செலவு தனி. நான் விசாரித்த இன்னொரு இடத்தில் வாடகை இதைவிடக் குறைவு. ஆனால் "நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க, பிளக்கைச் சொருகினா ஓடும்" என்றார்கள். இந்தக் கடையில் ஆள் வந்து மாட்டிக் காட்டுவார் என்றார்கள். கூடுதலாகக் கொடுத்த காசு அந்த ஆளுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மெஷினை இறக்கியதும் முதலில் பின்பக்கம் திருப்பி ஒரு சின்ன மீட்டரைக் காட்டினார். இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது கிலோமீட்டர் பார்ப்போமே, அதே கணக்கு. அப்புறம் பையிலிருந்து கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துக் குழாய் முனையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் 93 சதவீதம் என்று வந்தது. "அக்கா, ரூம்ல இருக்கிற காத்துல ஆக்சிஜன் 21 தான். இந்த மெஷின் அதுல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மீதியை அனுப்புது. நல்ல மெஷின்னா 90க்கு மேல காட்டணும். உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கிற சின்னச் சின்ன மணிங்க தேஞ்சுபோச்சுன்னா சத்தம் மட்டும்தான் வரும், ஆக்சிஜன் வராது. எந்தக் கடையில எடுத்தாலும் இதை வெச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும். திருகைத் திருப்பினால் குண்டு ஏறி இறங்கும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் ஒரு அளவு, உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு அளவு. அவர் என்னைத் தரையில் குந்த வைத்து, கண்ணுக்கு நேராகக் குண்டின் நடுப்பகுதி கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நானே திருகி நானே ஒன்றரையில் நிறுத்திக் காட்டும்வரை விடவில்லை. பிறகு 2 என்ற கோட்டுக்கு மேலே சிவப்பு டேப் ஒட்டினார். "தாத்தா, மூச்சு வாங்குதுன்னு இதுக்கு மேல நீங்களா ஏத்தக் கூடாது."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. சி.ஓ.பி.டி. முற்றியவர்களில் சிலருக்கு ஆக்சிஜனை அதிகம் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சில் குழப்பம் என்று போகும். அதனால்தான் 88 முதல் 92 என்று எழுதுகிறார்கள். இதை அக்கம்பக்கத்துக்குப் புரிய வைப்பதுதான் பெரும்பாடு. கொரோனா காலத்தில் ஊரே விரலில் மாட்டிப் பார்த்து 94க்குக் குறைந்தால் ஆபத்து என்று படித்துவிட்டது. மாமாவைப் பார்க்க வந்த பெரியம்மா, 90 என்று கண்டதும் "அய்யோ, இன்னும் கொஞ்சம் ஏத்தி விடேண்டி" என்று திருகில் கையை வைத்துவிட்டார். டேப் இருந்ததால் தப்பித்தது.

பூஜை அலமாரி மாமாவின் கட்டிலுக்கு நேரெதிரே இருந்தது. விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எல்லாவற்றையும் அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னார், மெஷின் மாட்ட வந்த தம்பி. ஆக்சிஜன் தானாகப் பற்றிக்கொள்ளாது. பக்கத்தில் இருக்கும் சின்ன நெருப்பைப் பெரிய நெருப்பாக்கிவிடும். போர்வை, சட்டை, தலைமுடியிலெல்லாம் ஆக்சிஜன் ஏறியிருக்கும். கார்த்திகை தீபத்தன்று வாசலில் மட்டும் அகல் வைத்தோம். மூக்கு காய்ந்தால் வாஸ்லின், தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. குழாய் மாட்டியிருக்கும்போது எண்ணெய்ப் பசை உள்ளது எதுவும் கூடாதாம். தண்ணீர் கலந்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கிறது.

அவர் பேசிக்கொண்டே தலையணையை நகர்த்தினார். கீழே பீடிக்கட்டு. எனக்கே தெரியாது. நான் என்ன சொல்வது என்று முழிக்கும்போது அவரே பேசினார்: "தாத்தா, மெஷினா பீடியா, ஒண்ணு சொல்லுங்க. பீடின்னா இதை வண்டியிலயே திரும்ப ஏத்திடறேன். மூஞ்சி வெந்துபோனவங்களை எனக்குத் தெரியும்." மாமா யாருக்கும் அடங்குகிற ஆள் இல்லை. அன்றைக்கு அடங்கினார். நானும் வீட்டுக்காரரும் வருடக்கணக்கில் சொன்னது காதில் ஏறவில்லை, வண்டியில் வந்த பையன் சொன்னது ஏறியது. இருக்கட்டும்.

மெஷினோடு ஒரு தண்ணீர்ப் பாட்டில் வரும், ஆக்சிஜன் அதன் வழியாகக் குமிழிட்டு ஈரமாகி வரும். இதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், புளூரைடு வேறு. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வந்தது. போர்த் தண்ணீர் ஊற்றினால் பாட்டில் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். பேட்டரிக் கடையில் ஊற்றும் தண்ணீர் வேண்டாம், மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒகேனக்கல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள், தினம் மாற்றுங்கள் என்றார். பின்பக்க ஸ்பான்ஜை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டணும். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, காற்று இழுக்க இடம் வேண்டும்.

இனி மெஷினுக்கு ஏன் மூன்றுதான். ஒன்று, சத்தம். டொக், புஸ் என்று விடாமல் ஒரு தாளம். பகலில் என் தையல் மெஷின் சத்தத்தில் அது அமுங்கிவிடும். ராத்திரி மூன்று மணிக்குக் காதுக்குள்ளேயே கேட்கும். நீளக் குழாய் கேட்டு வாங்கி, மெஷினை நடையில் வைத்துக் கதவை ஒருக்களித்து வைத்த பிறகு கொஞ்சம் தூக்கம் வந்தது. நீளக் குழாய் இருந்தால் மாமா திண்ணைவரை வந்து உட்காரலாம். ஆனால் காலில் சிக்காமல் சுவர் ஓரமாகப் போட வேண்டும். எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி ஒருநாள் அதைக் கடித்துவிட்டது. புதுக் குழாய்க்குக் காசு வாங்கினார்கள், நியாயம்தான்.

இரண்டு, கரண்ட். மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 15 மணி நேரம் ஓட்டினால் ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டைத் தாண்டும், இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் இதற்கு முன்னால் காணாமல் போகும். ஏற்கெனவே பிரிட்ஜ், தையல் மெஷின் ஓடுகிற வீடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் ஸ்லாபே மாறும். வாடகையோடு இதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

காசு செலவாவது ஒருபக்கம், கரண்ட் போனால் என்ன செய்வது? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். மழைக்காலத்தில் அறிவிப்பும் கிடையாது. வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு மூன்று மணி நேரம் தாங்குகிறது, அதுவும் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால். அதே கடையில் சின்ன சிலிண்டர் ஒன்றும் எடுத்து வைத்தோம். 1,500 லிட்டர் பிடிக்கும் பி டைப். 2 லிட்டர் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும், ஒரு லிட்டரில் அதைப்போல் இரண்டு மடங்கு. சிலிண்டர் கேட்டால் அதைத் திறக்கும் சாவியையும் கையோடு கேட்டு வாங்குங்கள், கதவுப் பக்கம் ஆணியில் மாட்டுங்கள்.

இப்போது அந்த இரண்டு மார்க் விஷயம். ஒரு ராத்திரி மெஷின் கீச் கீச் என்று கத்தி, மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன் சதவீதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கார்டில் "24 மணி நேர சேவை" என்று அச்சடித்திருக்கிறார்கள். அடித்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. சிலிண்டருக்கு மாற்றினோம். விடிந்த பிறகு முதலாளி எடுத்து, "நைட்ல ஆள் இல்லைம்மா" என்றார், சாதாரணமாக. ஆள் இல்லையென்றால் 24 மணி நேரம் என்று எதற்கு அச்சடிக்கிறீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. அந்தத் தம்பி காலையிலேயே வேறு மெஷினோடு வந்து நின்றார், வண்டிச் செலவு கேட்கவில்லை. புது மெஷினையும் கருவி வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு அவர் கிளம்பும்போது மாமா இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தார். பஸ் பஸ் என்று இரண்டு தட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார். தம்பி நின்று பார்த்தார். "அக்கா, மருந்து எல்லாம் நாக்குலயும் தொண்டையிலயும்தான் உக்காருது, நெஞ்சுக்குப் போகல. ஸ்பேசர் வாங்குங்க. எங்க கடையில வேணாம், அங்கே ரேட் ஜாஸ்தி. மெடிக்கல்லயே வாங்குங்க. எப்படி இழுக்கிறதுன்னு ஆஸ்பத்திரியில ஒருதடவை காட்டச் சொல்லுங்க." தன் முதலாளி கடையில் வாங்காதே என்று சொன்னவருக்கு ஐந்துக்கு ஐந்து போடாமல் என்ன போடுவது?

ஸ்பேசர் என்பது ஒன்றும் பெரிய கருவி இல்லை. பிளாஸ்டிக் குடுவை, ஒரு பக்கம் வாய், மறுபக்கம் இன்ஹேலரைச் சொருகும் ஓட்டை. இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் பொருத்தி, ஒரு தட்டு. மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்கணும். அடக்க முடியாதவர்கள் அதிலேயே நாலைந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கலாம். அடுத்த தட்டுக்கு அரை நிமிடமாவது இடைவெளி. ஸ்டீராய்டு மருந்து என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியும். குடுவையைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிட வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த செக்கப்பில் நர்ஸ் ஒருவர் மாமாவைச் செய்யச் சொல்லிப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார். மாதம் 4,500 கொடுத்த மெஷினைவிட இந்தச் சில நூறு ரூபாய்க் குடுவையால்தான் மாமா ஒரே மூச்சில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார் என்பது என் அபிப்பிராயம். டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது.

15 மணி நேரம் என்ற கணக்கைப் பற்றி மாமாவுக்குத் தினம் என்னோடு சண்டை. "மூச்சு நல்லாத்தானே இருக்கு, கழட்டேன் கண்ணு." 1980, 81-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த இரண்டு ஆய்வுகளில் இருந்துதான் அது வந்ததாம், ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்கள் தினம் அத்தனை நேரம் எடுத்தால்தான் ஆயுள் கூடுகிறது, மூச்சு வாங்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டால் அந்தப் பலன் இல்லை. லேசாகக் குறைந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் பெரிய பயன் இல்லை என்று 2016-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இளைப்பு என்று அவரும் சும்மா வாடகைக்கு எடுக்க வேண்டாம். தூக்கத்தில் எட்டு மணி நேரம் போய்விடும், மீதியை டி.வி., சாப்பாடு, பேப்பர் என்று பிரித்துக் கொடுத்தேன். காது மேல் குழாய் உரசிப் புண்ணாகும். பிளவுஸ் வெட்டிய மிச்சக் காட்டன் துணியைச் சுற்றித் தைத்துக் கொடுத்தேன், அது நன்றாக வேலை செய்தது.

கடைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாமாவின் பிரஷர் மாத்திரையை அதில் வருகிற அக்கா வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார். பிசியோதெரபியும் அதில் உண்டு என்று அவரிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கேட்டால்தான் வருகிறார்கள். வந்த பெண், உதட்டைக் குவித்து விசிலடிக்கிற மாதிரி மெதுவாக ஊதி மூச்சு விடுவது, மூச்சு முட்டும்போது முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருவது, திண்ணைக்கும் வாசலுக்கும் நடப்பது எல்லாம் பழக்கினார். நடந்தால் மூச்சு வாங்கும் என்று இவர் நடப்பதையே விட்டிருந்தார். நடக்காததால் கால் சதை வற்றி, எழுந்தாலே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியை விட்டு வந்து ஒரு மாதத்துக்குள் இதை ஆரம்பிப்பது நல்லது, திரும்பப் போய்ப் படுப்பது குறையும் என்றார். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், கால் வீங்கினால், வழக்கத்தைவிட அதிகமாக இன்ஹேலர் தேவைப்பட்டால் காத்திருக்காதே என்று எழுதியும் கொடுத்தார், தமிழில்.

போகி அன்று ஊரெல்லாம் புகை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொங்கல் முடிந்து போனபோது மணிக்கட்டில் நாடி பிடிக்கும் இடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ஊசியைவிட வலிக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாமா நர்ஸைத் திட்டிவிட்டார். ஆக்சிஜன் அளவு 60-ஐத் தாண்டியிருந்தது (இது ரத்தத்தில் பார்க்கும் வேறு கணக்கு, விரலில் காட்டும் சதவீதம் இல்லை). மெஷினை நிறுத்திவிடலாம், இன்ஹேலரும் நடையும் விடக்கூடாது, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளணும் என்றார் டாக்டர்.

மெஷினைத் திருப்பும்போது இன்னொரு தகராறு. அட்வான்ஸில் 1,200 பிடித்தார்கள், "சர்வீஸ் சார்ஜ்" என்று. எடுக்கும்போது அப்படி ஒரு பேச்சே இல்லை. ரசீதில் எழுதாததைப் பிடிக்க முடியாது என்று நின்றேன். 500 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். மறுபடி தேவைப்பட்டால் அங்கேதான் போவேனா? போவேன். ஆனால் எந்தக் காசு திரும்ப வரும், எது வராது, ராத்திரி யார் போன் எடுப்பார், மெஷின் நின்றால் எத்தனை மணிக்குள் மாற்று வரும், இந்த நான்கையும் ரசீதின் பின்பக்கம் முதலாளி கையால் எழுதி வாங்கிக்கொண்டு, மாட்ட வருவது அந்தத் தம்பிதானா என்று கேட்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பேன்.